குப்பைமேடு போயாச்சு, போர் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: பெருங்குடி குப்பைமேட்டிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி எங்கள் வீடு. 2009இல் கட்டினோம். போர் 70 அடி. துவைக்க, கழுவ, குளிக்க மட்டும் போர் தண்ணீர், குடிக்கக் கேன். இப்போது பயோமைனிங் (பழைய குப்பையைக் கிளறிப் பிரித்தெடுப்பது) செய்து மேட்டில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். "குப்பையே போயிடுச்சு, இனிமே தண்ணி சரியாயிடும், ஒரு ஆர்.ஓ. போட்டா போதும்" என்கிறார் ஃபில்டர் விற்க வந்த தம்பி. மீட்டரை முக்கிக் காட்டினார். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 1,140, ஃபில்டருக்குப் பிறகு 60. வீட்டுக்காரரும் சரி என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பக்கெட்டில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிற தண்ணீர், அரை மணி நேரத்தில் வடிகட்டிய டீ மாதிரி ஆகிறது. மேலே எண்ணெய் மாதிரி மினுக்குகிறது. என் மகள் அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாமா? இன்னும் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா? கடைசியாக ஒன்று: கொல்லையில் ஒரு தென்னையும் கீரைப் பாத்தியும் இருக்கின்றன. அவற்றுக்கு ஊற்றலாமா?

— ஒரு வாசகி, பெருங்குடி

பதில்:

வணக்கம் அம்மா.

முதலில் மகள் விஷயம், அது காத்திருக்காது. போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு, நைட்ரேட், உலோகம் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சமிருப்பதில் அவையெல்லாம் இன்னும் கெட்டியாகும். ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பது மாதிரிதான். மெட்ரோ வாட்டர் குழாயிலோ லாரியிலோ வருகிற தண்ணீருக்குக் காய்ச்சுவது சரியான வைத்தியம். உங்கள் போருக்கு அது வைத்தியமே இல்லை.

குழந்தை பிறந்த பிறகு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ஏதோ காரணத்தால் பால்பவுடர் கரைக்க வேண்டி வந்தால் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் கரைத்த பாலைக் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் ரத்தம், பிராணவாயுவைச் சரியாகச் சுமக்காமல் போகக்கூடும். உதடும் நகமும் நீலம் பாய்வது அதனால்தான். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு இந்தக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். உப்புக்கும் கடினத்தன்மைக்கும் "வேறு வழி இல்லையென்றால் இதுவரை போகலாம்" என்று இரண்டாவது வரம்பு உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று: சோறும் பருப்பும் வேகிற தண்ணீர் வயிற்றுக்குள்தான் போகிறது. குடிக்கிற தண்ணீரிலேயே சமையலையும் முடித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போர் தண்ணீரில் உலை வைக்கிறார்கள்.

இனி அந்தத் தம்பி சொன்னதற்கு வருகிறேன். குப்பையில் பெரும்பகுதி போய்விட்டது என்பது உண்மை. தண்ணீர் சரியாகிவிடும் என்பதும் ஒருநாள் உண்மையாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

பெருங்குடியில் 1980களிலிருந்து குப்பை கொட்டினார்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்போ, சாறு வடிகிற குழாயோ கிடையாது; பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் நேரடியாகக் கொட்டினார்கள். ஒவ்வொரு மழையும் அந்த மேட்டுக்குள் இறங்கி, ஃபில்டர் காபி இறங்குகிற மாதிரி கறுப்பாக அடியில் வடிந்தது. எங்கள் துறை ஆட்கள் அதை லீச்சேட் என்பார்கள், நான் குப்பைச்சாறு என்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இறங்கிய சாறு அது. பயோமைனிங்கில் மேட்டைக் கிளறி, காயவைத்து, சல்லடை உருளையில் போட்டு, எரிகிறதைச் சிமென்ட் ஆலைக்கும் கல்லைப் பள்ளம் நிரப்பவும் மண்ணைத் தனியாகவும் பிரித்தார்கள். டிகாக்ஷன் இறங்கிய பிறகு ஃபில்டரிலிருந்து தூளைத் தட்டிவிட்டது மாதிரி. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. இனிமேல் புதிதாக இறங்குவது குறையும். ஆனால் கீழே டபராவில் இருப்பது இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டும் இருக்கலாம்.

எவ்வளவு வேகத்தில்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். மணலில் நீர் ஊடுருவும் திறன் நாளைக்கு 10 மீட்டர் என்று வையுங்கள். நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று. மணலின் இடைவெளி நாலில் ஒரு பங்கு. பத்தை ஆயிரத்தால் வகுத்து, நாலால் பெருக்கினால் நாளைக்கு 4 சென்டிமீட்டர். வருஷத்துக்கு 15 மீட்டர் சுமார். 400 மீட்டரைக் கடக்க 27 வருஷம். அதாவது குப்பை கொட்ட ஆரம்பித்த காலத்தில் இறங்கிய சாறு நீங்கள் வீடு கட்டிய பிறகு வந்து சேர்கிறது. 2015இல் இறங்கியது இன்னும் வழியில் இருக்கிறது. இது புரிவதற்காகப் போட்ட கணக்கு, உங்கள் தெருவுக்கான அளவீடு இல்லை. களிமண் இருந்தால் இதைவிடப் பல மடங்கு மெதுவாகப் போகும். அடுக்குமாடிகள் ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டினால் வேகமாகும், சமயத்தில் திசையே திரும்பும். பள்ளிக்கரணைத் தண்ணீர் இயல்பாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. நிலத்துக்கு அடியிலும் சரிவு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, "நாங்க சரிவுக்கு மேல் பக்கம் சார், எங்களுக்கு வராது" என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. கோடையில் அவர்களுடைய சொந்த போரே தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள மனசு வராது.

உலகெங்கும் அளந்து பார்த்ததில், குப்பைச்சாறு பரவும் தூரம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் நிற்கிறது. நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். பயப்படச் சொல்லவில்லை, அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் பக்கெட்டே ஒரு சின்ன பரிசோதனைக்கூடம். தெளிவாக வந்து டீ ஆகிறதே, அது இரும்பு. குப்பை மக்கும்போது மண்ணுக்குள் இருக்கும் பிராணவாயுவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். அது தீர்ந்ததும் மண்ணோடு ஒட்டியிருக்கும் துருவில் கைவைக்கும். அப்போது இரும்பு கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு வரும். பக்கெட்டில் காற்று பட்டதும் திரும்பத் துருவாகிறது. மேலே மினுக்குகிற படலத்தை ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் கிழித்துப் பாருங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சில்லுசில்லாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் அது இரும்புப் படலம். கிழித்த இடம் உடனே கூடிக்கொண்டு, வானவில் நிறத்தில் சுழன்றால் எண்ணெய். எண்ணெயோ, பெயின்ட் தின்னர் வாசனையோ வந்தால் அந்தத் தண்ணீரில் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீர்க் குளியல் வேண்டாம்; ஆவியில் மூச்சுக்குள் போகும்.

இரும்பு வந்ததனாலேயே குப்பைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கரணையின் கறுப்புச் சேறும் இதே வேலையைச் செய்யும். அது குப்பைக்கு முன்பே இருந்த சதுப்பு. உப்பும் அப்படித்தான்: 1,140 என்ற டி.டி.எஸ். கடலோர உவர்ப்பாக இருக்கலாம், பக்கத்து வீட்டு செப்டிக் டேங்காக இருக்கலாம், குப்பைச்சாறாகவும் இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்க முதல் துப்பு பொட்டாசியம். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் சுமார், பொட்டாசியம் 400 சுமார். ஐம்பதுக்கு ஒன்று. உங்கள் தண்ணீரில் குளோரைடு 400, பொட்டாசியம் 8 என்று வந்தால் பழைய கடல் உப்பு. குளோரைடு 400, பொட்டாசியம் 50 என்று வந்தால் குப்பையோ கழிவுநீரோ கலந்திருக்கிறது. அதோடு அமோனியாவும் போரானும் சேர்ந்து உயர்ந்து, நைட்ரேட் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் என் கை குப்பைமேட்டைத்தான் காட்டும். நைட்ரேட் உயர்ந்து அமோனியா இல்லையென்றால் செப்டிக் டேங்க் பக்கம் திரும்பும். பொட்டாசியம் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். களிமண் அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். "நைட்ரேட் பூஜ்யம், தண்ணி சூப்பர்" என்று யாராவது சொன்னால், அமோனியா எவ்வளவு என்று கேளுங்கள். பிராணவாயு இல்லாத தண்ணீரில் நைட்ரேட் நிற்காது. அமோனியாவுக்கு வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்.

அமோனியாவைப் பற்றி இன்னொரு விஷயம். போர் தண்ணீர் நாறுகிறதென்று சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறார்கள். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் எட்டிலிருந்து பத்து மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். கிருமியைக் கொல்ல எதுவும் மிஞ்சாது, மருந்து வாடை மட்டும் மிஞ்சும். ஒரு அடுக்ககத்தில் "வாட்ச்மேன் பவுடரைத் திருடி விக்கிறான்" என்று அசோசியேஷன் கூட்டமே நடந்தது. பாவம் அவர், மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஈயம், காட்மியம், பாதரசம் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். குப்பைச்சாற்றில் கன உலோகங்கள் அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை. மேட்டுக்கு அடியிலேயே சல்பைடாகப் படிந்தும் களிமண்ணில் ஒட்டியும் பெரும்பகுதி நின்றுவிடும். விதிவிலக்காக நான் ஆர்சனிக்கையும் மாங்கனீஸையும் பார்ப்பேன். இவை குப்பையிலிருந்து வரத் தேவையில்லை. துரு கரையும்போது அதோடு ஒட்டியிருந்தது, உங்கள் மண்ணிலிருந்தே கிளம்பிவிடும். ஆனாலும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஈயத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

அந்தத் தம்பியின் மீட்டர் இதில் எதையும் காட்டாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பைக் குத்துமதிப்பாகச் சொல்லும் கருவி. அதன் கடைசி இலக்கம் ஒரு மில்லிகிராம். ஈயத்துக்கான வரம்பு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. லாரி எடை மேடையில் மூக்குத்தியை நிறுப்பது மாதிரி.

ஆர்.ஓ. வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பு, நைட்ரேட், உலோகம் இவற்றில் பெரும்பங்கை அது உண்மையிலேயே நிறுத்தும். போரான், சின்னச் சின்ன கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றில் கை தளரும். உங்கள் தண்ணீருக்கு, ஆர்.ஓ.வுக்கு முன்னாலேயே இரும்பை நீக்கும் வடிகட்டி ஒன்று இல்லையென்றால், அதன் மெம்பிரேன் (உப்பை நிறுத்தும் சவ்வு) சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம்: பல வீட்டு ஆர்.ஓ.க்களில் "டேஸ்ட் அட்ஜஸ்ட்" என்று ஒரு திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறதென்று நாம் சொன்னால், மெக்கானிக் அதைத் திருகி, மெம்பிரேனைத் தாண்டாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார். மெட்ரோ தண்ணீருக்கு அது பரவாயில்லை. உங்கள் வீட்டில் அந்தத் திருகு முழுக்க மூடியிருக்க வேண்டும். சோதனை முடிவு வருகிற வரை எந்த ஃபில்டரும் வாங்காதீர்கள்.

சோதனைக்குப் போகும் முன் மாதிரி எடுப்பதைச் சரியாகச் செய்ய வேண்டும். நல்ல கூடத்துக்குக் கெட்ட மாதிரி போய்த்தான் பாதி ரிப்போர்ட் வீணாகிறது. மாடித் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். அதற்குள் இரும்பு படிந்து, அதோடு ஆர்சனிக்கும் படிந்துபோயிருக்கும். போர் தண்ணீர் சம்ப்பில் விழுகிற வாயில், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம் சொட்டிய பாட்டிலைக் கூடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் எதுவும் இல்லை என்று வரும். கிருமிக்குத் தனி பாட்டில், கிருமி நீக்கியது. எல்லாம் ஐஸ் பெட்டியில், அன்றைக்கே. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் குடிநீர்ப் பரிசோதனை உண்டு, உலோகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் கூடத்தில், துளி உலோகத்தையும் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வழக்கமான "குடிநீர் பேக்கேஜ்" என்று கொடுத்தால் பொட்டாசியம், அமோனியா, போரான், ஆர்சனிக் நாலும் அதில் இல்லாமல் போகலாம், பெயர் சொல்லிக் கேளுங்கள். மே மாதம் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு தடவை. மழைக்குப் பிறகு ஒரு தடவை மட்டும் பார்த்து நிம்மதியானவர்களை எனக்குத் தெரியும்.

செலவைத் தெருவோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நாலு வீட்டு போர், மேட்டுக்குப் பக்கத்திலிருந்து தூரம் வரை வரிசையாக எடுத்தால், ஒரு வீட்டு ரிப்போர்ட் சொல்லாத கதையை அது சொல்லும். குளோரைடும் பொட்டாசியமும் மேட்டை நோக்கிப் போகப் போக ஏறினால், மாநகராட்சியிடம் போய்ப் பேசக் கையில் ஏதோ இருக்கும். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பிய இடத்தை மூடிய பிறகும் குறைந்தது 15 வருஷம் பராமரித்துக் கண்காணிக்கச் சொன்னவை. எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று பருவம்தோறும் பார்க்கச் சொன்னவை. விரிப்பு போட்டு முறையாகக் கட்டிய நிலத்துக்கே அத்தனை வருஷம் என்றால், விரிப்பே இல்லாத இடத்துக்கு எவ்வளவு வேண்டும்? பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கண்காணிப்புக் கிணறுகளின் ஆழமும் முடிவுகளும் கேளுங்கள். "தண்ணீர் எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "திருப்திகரமாக உள்ளது" என்றுதான் பதில் வரும். எண்களைக் கேட்க வேண்டும்.

ஆழமாகப் போடலாமா என்றால், வேண்டாம். உங்கள் பகுதியில் மேலே களிமண்ணும் மணலும், கீழே சார்னோகைட் பாறை. (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மெட்ராஸ் பக்கமிருந்து போனதாகச் சொல்லப்படும் கல், பெயர் அங்கிருந்து வந்தது.) பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில்தான் இருக்கும், அந்த வெடிப்புகளுக்குத் தண்ணீர் மேலிருந்துதான் இறங்கும். இப்போது களிமண் ஒரு மூடி மாதிரி கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தால், ரிக் வண்டி அதில் ஓட்டை போடும். துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள சந்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். சிமென்ட் கலவை ஊற்றி அடைப்பதைச் செய்பவர்கள் குறைவு. அப்புறம் மேல் தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே கீழே இறங்கும். வறண்டுபோய் கைவிட்ட பழைய போர் இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், அது திறந்த வாய்க்கால்.

அந்தப் பணத்தை மாடியில் போடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம், உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும். மொட்டைமாடித் தண்ணீரை, முதல் மழையைத் தெருவில் விட்டுவிட்டு, ஜல்லி–மணல் தொட்டி வழியாக மூடிய தனி சம்ப்பில் பிடித்தால், பெருங்குடியிலேயே நல்ல தண்ணீர் அதுதான். காய்ச்சினால் போதும். கேன் வாங்கும்போதும் எங்கே நிரப்பினார்கள் என்று மூடி சீலில் பாருங்கள். பக்கத்துத் தெருவில் போர் போட்டு நிரப்பிய கேன் என்றால், உங்கள் தண்ணீரையே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

தென்னைக்குத் தாராளமாக ஊற்றுங்கள், உப்பைத் தாங்கும் மரம். ஓலை நுனியும் விளிம்பும் கருகிக்கொண்டே வந்தால் போரான் அதிகம் என்று சந்தேகப்படலாம். கீரைக்கு வேண்டாம், காட்மியம் மண்ணில் சேர்ந்தால் முதலில் இலைக்குத்தான் ஏறும். அரிசி களைந்த கேன் தண்ணீரே ஒரு சின்னப் பாத்திக்குப் போதும். பாத்திக்கு மண் வாங்குவதாக இருந்தால், "பயோமைனிங்ல வந்த நல்ல எரு, லோடு மலிவு" என்று யாராவது வண்டியோடு வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது அந்த மேட்டைச் சலித்தபோது சல்லடைக்குக் கீழே விழுந்தது.